தேய்ந்த கத்தியின் அளவு

1996 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். உன் தாத்தா கடைசியாகச் சாப்பிட்டது திங்கட்கிழமை காலையில் அரைக் கொய்யாப் பழம். அதற்குப் பிறகு நான் அவர் முன்னால் வைத்த கத்திகள் மூன்று. மூன்றும் தோற்றுவிட்டன.

'அன்புள்ள மகனுக்கு' என்று தொடங்கினேன், அடித்துவிட்டேன். உனக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. இந்த நிமிடம் நீ கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய் தாத்தாவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் இதைப் படிக்கும்போது நீ என் உயரம் வளர்ந்திருப்பாய், சம்பாதிப்பாய், எனக்கு முடி நரைத்திருக்கும். அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நாளைக் காலை பத்து மணிக்குள் தாத்தாவின் வயிற்றுக்குள் ஏதாவது போகவில்லையென்றால் அவரை நர்சிங் ஹோமில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். குழாயை அவர் பிடுங்குவார். பிடுங்காமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள். டாக்டர் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியது என்ன என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் எங்கள் கணபதி ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை, ஐந்து மணிக்குத்தான் வருமாம். தெருவில் ஒரு லேத் பட்டறைகூட ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல்: "ஆச்சு." பசிக்கிறதா என்றால் ஆச்சு. வலிக்கிறதா என்றால் ஆச்சு. உன்னைத் தூக்கி மடியில் வைத்தாலும் சிரித்துக்கொண்டே ஆச்சு. கைகள் இரண்டும் நல்லவேளையாகத் தப்பின. நல்லவேளை என்று நான்தான் சொல்கிறேன், ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளால்தான் தொல்லை. சலைன் ஊசியைப் பிடுங்கினார், மூக்குக் குழாயைப் பிடுங்கினார். கட்டலாமா என்று ஒரு தாளை நீட்டினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். காயத்துக்குச் சுற்றும் காஸ் துணியால் கட்டினார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை செய்யும்போது பாகம் அசையாமல் இருக்க கிளாம்ப் போடுவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபிறகும் மணிக்கட்டில் அந்தத் தடம் வெகுநாள் இருந்தது. அவர் அதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார், அழுக்கு ஒட்டியிருப்பதுபோல.

வீட்டில் அவர் தட்டைத் தொடவில்லை. கஞ்சி கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் உன் அம்மா காய்கறிக் கூடையைக் கட்டிலில் வைத்துவிட்டு உன் அழுகைக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால், கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து, சட்டைப் பையிலிருந்து தன் மடக்குக் கத்தியை விரித்து, துண்டு போட்டு, கத்தி முனையிலிருந்தே வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "ஏனுங்க, சத்தம் போடாதீங்க, இங்க வந்து பாருங்க," என்று என்னைக் கதவோரத்துக்கு இழுத்துவந்து காட்டினாள். அன்றிலிருந்து அவள் வெட்டித் தின்னக்கூடிய சமையல் என்று தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கெட்டியாகக் கிண்டிய ராகிக் களி, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, அவித்த முட்டை, பன், வாழைப்பழம். எதையும் கையில் கொடுக்கக் கூடாது. கட்டில் நடுவில் தட்டை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். திரும்பி வந்தால் தட்டு காலியாக இருக்கும். டாக்டரே ஆச்சரியப்பட்டார். எடைகூடக் கொஞ்சம் ஏறியது.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வேட்டைக் கத்தி. மான் கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, விரித்தால் பின்பக்கம் ஒரு நெம்பு விழுந்து பூட்டிக்கொள்ளும். நல்ல வேலைப்பாடு, எனக்கே பொறாமை வரும். ஆனால் பிளேடு? முப்பது வருஷமாகக் கல்லில் தீட்டித் தீட்டி, அகலமாக இருந்தது ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டது. அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "அப்பா, இது கத்தி இல்லீங்கப்பா, ஊசி. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாமுங்க." அவர் தீட்டுவதை நிறுத்தாமல் சொல்வார்: "ஊசியா இருந்தா நல்லதுதான். மொதல்ல உன்ற வாயத் தெச்சர்றேன்."

திங்கட்கிழமை காலையில் கொய்யா வெட்டும்போது அது அடியோடு முறிந்தது. அரைக் கொய்யா மெத்தையில் கிடந்தது. வெறும் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார். "ஆச்சு."

செவ்வாய்க்கிழமை சமையலறைக் கத்தியை வைத்தோம். முறிந்த பிடியாலேயே அதைத் தட்டோடு சேர்த்துத் தள்ளினார். புதன்கிழமை வேலையிலிருந்து நேராக டவுன்ஹால் பக்கம் போனேன். நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு பாய் கடையில் ஸ்பிரிங் வைத்த மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. "எதுக்குங்க தம்பி? கோழிக்கா, ஆளுக்கா?" என்று கேட்டார். எங்கப்பாவுக்கு என்றேன். "அப்பனுக்குக் கத்தி வாங்கிக் குடுக்கற மகன இன்னிக்குத்தான் பாக்கறேன். அம்மாவுக்கு என்ன, அருவாளா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். தாத்தா அதை ஒரு முறை விரித்தார், மடக்கினார், மறுபக்கம் வைத்தார். கடையில் பிடிக்காத சட்டையைத் திருப்பித் தருவதுபோல மரியாதையாகத்தான் வைத்தார்.

அதே புதன்கிழமை நான் செய்த முட்டாள்தனம்தான் இன்று என்னைத் தின்கிறது. நான் ஒரு பம்பு கம்பெனியில், கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமில் வேலை செய்கிறேன், டூல் அண்டு டை படித்தவன், தலைமுடியின் கனத்தில் பாதியைக்கூட அளக்கத் தெரிந்தவன். கடைக் கத்தி ஆகாவிட்டால் நாமே செய்துவிடலாம் என்று அன்று காலையிலேயே முறிந்த பிளேடையும் பிடியையும் தொழிற்சாலைக்கு எடுத்துப் போயிருந்தேன். மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு அகலம், நடுவில் ஒரு அகலம், முனையில் ஒன்றுமே இல்லை. இதெல்லாம் ஒரு அளவா என்று தோன்றியது. இது தேய்மானம். தேய்மானத்தை யாராவது அளப்பார்களா? கொம்புப் பிடியின் பள்ளம் இருக்கிறது. அதன் ஆழத்தையும் நீளத்தையும் வைத்து, புதிதாக வாங்கிய நாளில் பிளேடு எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். போட்டேன். அழகாக ஒரு படம் வரைந்தேன். முறிந்த துண்டைக் கழிவு இரும்புப் பெட்டியில் எறிந்தேன். நேற்று மத்தியானம் பழைய இரும்பு லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

வியாழக்கிழமை சுதந்திர தினம், தொழிற்சாலைக்கு விடுமுறை. ஒரு நாள் முழுக்க வீணாகப் போகிறதே என்று எனக்கு எரிச்சல். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அத்தை வந்திருந்தார். தாத்தாவின் தங்கை, வாழைத் தோட்டங்களில் தார் சுமக்கும் வேலை. அவர் வந்ததிலிருந்து அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். உன் அம்மா உனக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். நீ யார் கரண்டியை நீட்டினாலும் வாயைத் திறப்பாய். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், திடீரென்று அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தாத்தாவிடம் போனேன். "அப்பா, வாயத் தொறங்க." ஆச்சு. "ஆவலீங்கப்பா, தொறங்க." ஆச்சு. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, ஒரு கையால் கன்னத்தை அழுத்தி வாயைப் பிளந்து கரண்டியைச் செருகினேன். அவர் என்னை அடிக்கவில்லை. இரண்டு கைகளையும் முகவாய்க்குக் கீழே சேர்த்து ஏந்தினார். கூழ் வாயிலிருந்து வழிந்து அந்தக் கைகளுக்குள் விழுந்தது. கைகளை விரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டேய், உடுடா அவன!" அத்தை என் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் கிண்ணம் உருண்டது. "நீயும் ஊத்தறயாடா? நீயுமா ஊத்தற?"

"திங்கலீன்னா செத்துருவாருங்க அத்தை!"

"சாவட்டும். கையேந்தவெக்காத." அவர் தன் முந்தானையால் தாத்தாவின் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டேதான் சொன்னார், என்னைப் பார்த்துக்கூட அல்ல. "நாங்க கூலிக்கிருந்த பண்ணாடி ஊட்டு வாசல்ல என்ற அண்ணன் இப்பிடித்தான் நிப்பான். ரண்டு கையையும் ஏந்திக்கிட்டு. அந்தம்மா படி மேல நின்னு மேல இருந்து ஊத்தும். பட்டுறப்படாதில்ல? ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க ஊத்திப்போட்டுது. கைய எடுத்தா கஞ்சி மண்ணுல போயிரும்னு இவன் எடுக்கவே இல்ல. தோலு வெந்துபோச்சு. பாதியக் குடிச்சுப்போட்டு மிச்சத்த அந்தக் கையிலயே எனக்குக் கொண்டாந்தான். நான் சின்னப் புள்ள, குடிச்சுப்போட்டேன். அன்னிக்கு ராத்திரி மலைக்குப் போனவன்தான். இனி ஒருத்தர் போட்டுத் திங்க மாட்டேன்னு சொல்லீட்டுப் போனான்."

இந்தக் கதையை நான் இருபத்தெட்டு வருஷத்தில் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்தது மலைக் கதை மட்டும். கோத்தகிரிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். எஸ்டேட் துரை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும்போது தடம் பார்க்க இவரைக் கூட்டிப் போவார். மத்தியானம் ஒரு பாறைமேல் ரொட்டியை வைத்து, பக்கத்தில் இந்தக் கத்தியை விரித்து வைத்து, முதலில் நீ உனக்கு வேண்டியதை வெட்டிக்கொள் என்று சைகை செய்வாராம். துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போகும்போது கத்தி இவரிடம் தங்கிவிட்டது. தாத்தா இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், நான் ஒவ்வொரு முறையும் "பன்னி எவ்வளவு பெருசுங்கப்பா?" என்றுதான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா அவருக்குச் சோறு பரிமாறி நான் பார்த்ததில்லை. சட்டி நடுவில் இருக்கும், அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். அது வெறும் திமிர் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இனி கேட்கவும் முடியாது.

உனக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நீ யாரிடமிருந்து வந்தாய் என்பதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அவர் சொல்லாததற்குக் காரணம் இருந்திருக்கும். நான் கேட்டதெல்லாம் பன்றியின் எடை.

நேற்று, வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி ஒரு ஷிஃப்ட் முழுக்க அந்தப் பிளேடைச் செய்தேன். தகட்டில் துளையிடும் பஞ்ச் செய்வதற்கான உயர்ந்த எஃகு. வெட்டி, உலையில் பழுக்கவைத்து எண்ணெயில் அமிழ்த்தி, பதம் பார்த்து, கிரைண்டரில் தேய்த்து, பழைய கொம்புப் பிடியில் கோத்து ஆணி அடித்தேன். நெம்பு 'டக்' என்று விழுந்து பூட்டியது. முன்னங்கை முடியை மழித்துப் பார்த்தேன், வழவழவென்று வந்தது. துரை கையில் இருந்த நாளில் அது எப்படி இருந்ததோ அப்படியே. ஐந்து வருஷ வேலையில் நான் இவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

இன்று காலை தட்டில் கொய்யாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பிடியைத் தொட்டதும் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. விரித்தார். நெம்பு விழுந்த சத்தத்துக்குத் தலையை ஆட்டினார். உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. கொய்யாவை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலை அதன்மேல் அணைத்து, எப்போதும்போலக் கத்தியைத் தன் பக்கமாக இழுத்தார். கொய்யா வெண்ணெய்போல வெட்டுப்பட்டது. அதோடு கட்டைவிரலும். ரத்தம் துண்டின்மேல் ஒழுகியது. அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளேடை வேட்டியில் துடைத்தார், மடக்கினார், தட்டில் வைத்துத் தள்ளினார். இந்த முறை அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. அதன்பிறகு பழத்தைப் பார்க்கவே இல்லை.

"நீங்க செஞ்சது கத்திங்களா, கோடாலிங்களா?" என்று உன் அம்மா வெடித்தாள். "மாமா கைக்கு அது எவ்வளவு பெருசா இருக்குதுன்னு பாத்தீங்களா? எனக்கே பயமா இருக்குது. புதுசா செய்யறேன், புதுசா செய்யறேன்னு குதிச்சீங்களே, மாமா புதுசு கேட்டாருங்களா?"

"உனக்கு என்ன தெரியும்? இதுதான் அதோட சரியான சைஸ்."

"ஆமாமுங்க. சைஸ் சரி, வெரலுதான் தப்பு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் போய் உட்கார்ந்தேன், பதில் சொல்லாமல் இருப்பதற்காக. விரலைத் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரலின் சதையில் குறுக்காக ஒரு காய்ப்பு. செருப்பு வார் மாதிரி தடித்து, மஞ்சளாக, நடுவில் கோடு விழுந்த காய்ப்பு. முப்பது வருஷமாக ஒவ்வொரு துண்டு வெட்டி முடியும்போதும் கத்தியின் கூர் வந்து நின்ற இடம் அது. புதுக் காயம் அதன்மேல் இல்லை. அதைத் தாண்டி, மெல்லிய தோலில் இருந்தது. அவர் கை தவறவில்லை. எவ்வளவு மூட வேண்டும் என்று அவர் கைக்கு மனப்பாடம். அந்த அளவுதான் மூடினார். என் அகலப் பிளேடு அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

டூல் ரூமுக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதல் வாரமே ஒன்று சொல்லிக்கொடுப்பேன். ஓடித் தேய்ந்த ஷாஃப்டுக்கு, அது சுழலும் வளையமான புஷ்ஷைப் புதிதாகப் போட வேண்டுமென்றால் படத்தைத் திறக்காதே, ஷாஃப்டை அள. படத்தில் உள்ள அளவு ஷாஃப்ட் பிறந்த நாளில் இருந்தது, இன்றைக்கு இல்லை. தவறாகப் போட்டவனை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். நான் என் அப்பாவுக்குப் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறேன். தேய்ந்தது பிளேடு மட்டும்தான் என்று நினைத்தேன். பிளேடு குறையக் குறைய அவர் கையும் கூடவே மாறியிருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கின்றன. அந்த ஈர்க்குச்சிதான் சரியான அளவு. அதை நான் குப்பையில் போட்டேன்.

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். மலை மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள், பாதி அதற்குள் உருக்காலைக்குப் போய்விட்டது. கையால் கிளறினேன். கடைக்காரர், "என்னங்க தொலைச்சீங்க, தங்கமா?" என்றார். விரல் நீளத்துக்கு ஒரு கத்தித் துண்டு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு வந்துவிட்டேன். சைக்கிளை மிதித்து வரும்போது வழியெல்லாம் அழுதேன். கணபதி பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கண்ணுல தூசிங்களா?" என்று கேட்டார். ஆமாமுங்க என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று தோன்றியது. துண்டு போய்விட்டது. ஆனால் அது ஒட்டி வேலை செய்த மறுபாதி இங்கேதான் கட்டிலில் படுத்திருக்கிறது. பிளேடின் ஆணியைத் தட்டி எடுத்தேன். வெறும் கொம்புப் பிடியை அவர் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். நேராகக் கையில் கொடுக்கவில்லை. மெத்தைமேல் வைத்தேன், அவரே எடுத்துக்கொண்டார். கொய்யாவையும் அப்படியே. என் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். "அப்பா, ஒருக்கா மூடிக் காட்டுங்க. அளந்துக்கறேன்." புரிந்ததா இல்லையா தெரியாது. கொஞ்ச நேரம் வெர்னியரையே பார்த்தார். பிறகு வெட்டுவதுபோலக் கையை மூடினார், கட்டுப்போட்ட கட்டைவிரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டார். பிடியின் பள்ளத்திலிருந்து காய்ப்பின் கோடுவரைக்கும் அளந்தேன். அடியில், நடுவில், முனையில் என்று மூன்று இடத்தில் எடுத்தேன். பசியில் கிடக்கிற மனிதர், கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

உன் பால் டப்பா அட்டையை அந்த அளவுக்கு வெட்டிப் பிடியில் செருகினேன். மெத்தைமேல் வைத்தேன். எடுத்தார். கொய்யாவின்மேல் அட்டையை இழுத்தார். அட்டையின் ஓரம் காய்ப்பின் கோட்டில் வந்து உட்கார்ந்தது, ஒரு மயிரிழை அப்படி இப்படி இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். மறுபடியும். அட்டை எதை வெட்டும்? கொய்யாவின் தோலில் ஒரு கோடுகூட விழவில்லை. அவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தை, "கண்ணு, சீக்கிரம் எதாச்சும் பண்ணுடா," என்றார். நான் பிளேடை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. டூல் ரூம் சனிக்கிழமை அரை நாள், அதையும் பூட்டிவிட்டார்கள். வீட்டுக் கல்லில் கையாலேயே தேய்த்துப் பார்த்தேன். நான் பதம் ஏற்றிய எஃகு எனக்கே மசியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

இப்போது மணி நான்கரை. அவர் கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறார். மூச்சு சீராகத்தான் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கிறேன். உதடு வெடித்திருக்கிறது. தண்ணீரைத் தன் சொம்பிலிருந்து தானே குடிக்கிறார், அதுவும் நேற்றைவிடக் குறைவு. இந்த அளவு சரியாக இருந்தாலும், இதற்குள் அவருக்கு வெட்டும் தெம்பு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் புதன்கிழமையே அந்தத் துண்டை அளந்திருந்தால் இன்று காலையே சாப்பிட்டிருப்பார். இதை வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் மாறவில்லை.

நீ வளர்ந்தபிறகு உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒரு நாள் நானும் இப்படிக் கிடப்பேன். அப்போது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிப்பேன். கிழிந்த சட்டையோ, உடைந்த கண்ணாடியோ, எது என்று இப்போது தெரியாது. உனக்கு எரிச்சல் வரும். என் மகனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? வரட்டும். ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் அதை என் கையில் வைத்துப் பார். நான் அதை எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போ. நான் எதற்காகவோ முகத்தைத் திருப்பினால் வாயைப் பிளக்காதே. காரணம் எனக்கே மறந்துபோயிருக்கலாம், கைக்கு மறக்காது. கட்டிக்கொண்டவள் சொன்னால் முதல் தடவையிலேயே கேள்; எனக்கு அந்தப் புத்தி இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

இனி நான் செய்யப்போவது:

1. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் தெருக்கோடிப் பட்டறைக்குப் போவேன். தண்ணீர் சொட்டும் சாணைக் கல்லைக் காலியாக வைத்திருப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். வராவிட்டால், ஜெனரேட்டர் ஓடும் இடம் எங்கே இருந்தாலும் அங்கே போவேன்.

2. பிளேடை அட்டையின் அளவுக்குக் கொண்டுவருவேன். அவசரப்பட மாட்டேன். சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், வேறு பிளேடு செய்ய நேரம் இல்லை.

3. மெருகு போட மாட்டேன்.

4. கத்தியைக் கொய்யாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லோரையும் அறையை விட்டு வெளியே போகச் சொல்வேன். சாப்பிடுங்க என்று சொல்ல மாட்டேன்.

5. அவர் ஒரு துண்டு வெட்டித் தின்றால், உள்ளே போய் எனக்கும் ஒன்று கேட்பேன்.

6. வெட்டவில்லையென்றால், நாளைக் காலை நர்சிங் ஹோம். குழாய்க்குக் கையெழுத்துப் போடுவேன். கட்டுவதற்குப் போட மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இரண்டு கைகளையும் நானே பிடித்துக்கொள்வேன், எத்தனை நாளானாலும். வேலை போனால் போகட்டும். நான் கண்ணயர்ந்தால் உன் அம்மா பிடிப்பாள், அவளுக்குப் பிறகு அத்தை. அவர் இழுப்பார். வலித்தால் தளர்த்துவோம். துணி தளர்த்தாது.